கட்டு யாருடையது?

பாகப்பிரிவினை வழக்கு. ஒரே வக்காலத்தில் ஐந்து பேரின் கையெழுத்து. அதில் ஒருவர் மட்டும் வக்கீலை மாற்ற நினைத்தால்?

“அஞ்சாம் பிரதிவாதி..!”

டவாலி இரண்டாவது முறை குரல் கொடுத்தும் அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வழக்குக்கு வயது 11. நீதிமன்ற வராந்தாவில் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

காவிரிக் கரையோர ஊர் ஒன்றின் சார்பு நீதிமன்றம் அது. மடியில் மஞ்சள் பை. பைக்குள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், 1986-ல் அச்சடித்த தன்னுடைய கல்யாணப் பத்திரிகை, முந்தைய வாரம் மகள் மனுப் போட்டு வாங்கிக் கொடுத்த எதிர்வழக்குரையின் சான்றிட்ட நகல். வயது 58. “பேரெல்லாம் போட்டுடாதீங்க தம்பி. அண்ணன் பேத்திக்கு வரன் பாத்துக்கிட்டிருக்காங்க” என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

சித்தப்பாவின் பிள்ளைகள் பூர்வீக நிலத்தில் பாகம் கேட்டுப் போட்ட வழக்கு. இந்தப் பக்கம் மூன்று அண்ணன்கள், ஓர் அக்கா, இவர். ஐவருக்கும் ஒரே வக்கீலை வைத்தவர் மூத்த அண்ணன். அந்த வக்கீல் ஐவர் சார்பிலும் தாக்கல் செய்த எதிர்வழக்குரையின் ஒன்பதாவது பத்தியில் மகள் பச்சை மையால் கோடு போட்டு வைத்திருந்தார். 4, 5 பிரதிவாதிகளுக்குத் திருமணத்தின்போதே நகையும் சீரும் கொடுத்தாகிவிட்டது. 1998-ல் தகப்பனார் வாய்மொழியாகப் பாகம் பிரித்து மூன்று மகன்களுக்கும் கொடுத்துவிட்டார். ஆகவே பெண்கள் இருவருக்கும் வழக்குச் சொத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஐந்து கையெழுத்து. ஐந்தாவது, இவருடையது.

“சித்தப்பா பசங்க கேஸ் போட்டுட்டாங்க பாப்பா, நாம அஞ்சு பேரும் ஒண்ணா நிக்கணும்னு அண்ணன் வந்து சொன்னார். அடுப்புல பால் இருந்துச்சு. பேனாவ வாங்கிப் போட்டுட்டு உள்ள ஓடினேன்.”

நகலைப் படித்த மறுநாள் தாயும் மகளும் அந்த வக்கீலின் அலுவலகத்துக்குப் போனார்கள். எங்களுக்குத் தனியாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்கிறோம், கேஸ் கட்டைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உள்ளேயிருந்து வந்த பதில்: “ஃபீஸ் கொடுக்கிறது உங்க அண்ணன். அவரக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா.”

இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் நம் ஊர்களில் கொஞ்சநஞ்சமல்ல. மனை விலை ஏறிய பிறகு, பெண் மக்களுக்கும் சம பங்கு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, கூடப் பிறந்தவர்கள் கூடும் வீடுகளில் ‘வக்கீலை மாத்திடலாமா’ என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வக்கீல் சரியில்லை என்ற சலிப்பாகத்தான் பெரும்பாலும் அது வெளியில் வருகிறது. இந்த அம்மாவின் விஷயம் வேறு. அவர் வக்கீலை மாற்றவே இல்லை. 58 வயதில், முதல் முறையாகத் தனக்கென்று ஒரு வக்கீலைத் தேடினார்.

10 சென்ட்டா, 40 சென்ட்டா?

வழக்குச் சொத்து 4 ஏக்கர் நஞ்சை. பாதி சித்தப்பா வகையறாவுக்கு என்று வைத்துக்கொண்டால், இந்த ஐவருக்கும் மிஞ்சுவது 200 சென்ட். தாய் முன்பே காலமாகிவிட்டார். தகப்பனார் 2001-ல் இறந்தார். உயில் இல்லை.

பழைய சட்டப்படி, தகப்பனாரும் மூன்று மகன்களும் ஆளுக்கு 50 சென்ட். தகப்பனாரின் 50 சென்ட் ஐந்து பிள்ளைகளுக்கும் பத்துப் பத்தாகப் பிரியும். மகனுக்கு 60, மகளுக்கு 10. பெண்ணும் பிறப்பாலேயே கூட்டுரிமையாளர் என்ற இன்றைய சட்டப்படி ஐவருக்கும் தலைக்கு 40 சென்ட். அண்ணனின் 60 நாற்பதாக இறங்குகிறது, தங்கையின் 10 நாற்பதாக ஏறுகிறது.

இப்போது சொல்லுங்கள், அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே வக்கீல் எப்படிப் பேச முடியும்? சித்தப்பா பிள்ளைகளைப் பார்த்து நிற்கும்போது ஐவரும் ஒரே கட்சி. தங்களுக்குள் கணக்குப் பார்க்கும்போது இரண்டு கட்சி. பாகப்பிரிவினை வழக்கின் தனித்தன்மையே இதுதான். இதில் வாதி, பிரதிவாதி என்ற பெயர்கள் வசதிக்காக வைப்பவை. பிரதிவாதியாக நிற்பவரும் தன் பங்கைத் தனியே ஒதுக்கித் தரும்படி அதே வழக்கில் கேட்கலாம். கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் சம பங்குத் தீர்ப்பு வந்தபோது இந்த அம்மாவுக்கென்று ஒரு வக்கீல் இருந்திருந்தால், அடுத்த வாய்தாவிலேயே எழுந்து நின்றிருப்பார். ஐந்து வருடம் யாரும் எழவில்லை.

———
பெட்டிச் செய்தி: நான்கு தேதிகள்

25.3.1989: தமிழ்நாட்டின் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை. ஆனால், அன்றைக்குள் திருமணமாகிவிட்ட பெண்களுக்கு இல்லை.

9.9.2005: இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவில் மத்திய அரசு செய்த திருத்தம் அமலான நாள். திருமணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாடு நீங்கியது.

20.12.2004: இந்தத் தேதிக்கு முன் பதிவுப் பத்திரம் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமாகவோ முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை 2005 திருத்தம் தொடாது.

11.8.2020: வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் சொன்ன தீர்ப்பு மாற்றப்பட்டது. ‘வாய்மொழிப் பாகம்’ என்ற வாதத்தை, பொது ஆவணங்களின் வலுவான ஆதாரம் உள்ள அபூர்வமான நேர்வுகள் தவிர, ஏற்க வேண்டாம் என்றும் சொன்னது.
———

வக்காலத்து என்னும் ஒரு தாள்

வக்காலத்துப் படிவத்தை நம்மில் பலர் படித்ததில்லை. மடித்த ஒரு தாள். மேலே வழக்கு எண், கீழே கையெழுத்து. நடுவில் நாம் கொடுக்கும் அதிகாரங்கள் பொடி எழுத்தில் இருக்கும்: ஆஜராக, மனுத் தாக்கல் செய்ய, பணம் பெற. ஐந்து பேர் அதில் கையெழுத்துப் போட்டால் ஐவரும் சேர்ந்து ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவதில்லை. ஒரே தாளில் ஐந்து தனித்தனி நியமனங்கள், அவ்வளவே. ஃபீஸை யார் கட்டினார் என்பது அந்தத் தாளில் எங்கும் கிடையாது. கையெழுத்துப் போட்டவரே கட்சிக்காரர்.

எனவே, ஐவரில் ஒருவர் மட்டும் தன்னளவில் விலகிக்கொள்ளலாம். மற்ற நால்வரின் சம்மதம் தேவையில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 4 இதற்கு வழி சொல்கிறது. நியமனத்தை முடித்துக்கொள்வதாக எழுத்தில் கையொப்பமிட்டு, நீதிமன்ற அனுமதியோடு தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை பழைய வக்காலத்து உயிரோடுதான் இருக்கும். நாம் மனதளவில் வக்கீலை விட்டுவிட்டோம் என்பதற்காக அது செத்துப்போகாது.

நடைமுறையில் இதை ‘சேஞ்ச் ஆஃப் வக்காலத்து’ என்கிறார்கள். புது வக்காலத்தின் மேல் பழைய வக்கீல் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்தது. அவர் மறுத்தால்தான் பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கும் வழி உண்டு. இந்திய பார் கவுன்சில் விதிகளின் 39-வது விதி, சம்மதம் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு ஆஜராகலாம் என்கிறது. பழைய வக்கீலின் கையெழுத்து ஒரு மரியாதை. அது பூட்டு ஆகிவிட முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் உள்ள தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் எழுதிக் கொடுத்திருந்தால், வக்கீலை அமர்த்துவதும் மாற்றுவதும் பெரும்பாலும் அந்த பவர் ஏஜென்ட்டின் கையில்தான் இருக்கும். பவரை ரத்து செய்யாமல் வக்கீலை மட்டும் மாற்றினால், மறுபடியும் அவரே வேறொருவரை நியமித்துவிடக்கூடும்.

கட்டும் ஃபீஸும்

அந்த அம்மா கேட்ட கட்டுக்கு வருவோம். வெள்ளை நாடாவால் கட்டிய, ஓரம் மடங்கிய, அலமாரியில் வருடக்கணக்கில் தூசு சேர்ந்த அந்தக் காகிதக் கட்டு யாருக்குச் சொந்தம்?

உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கி தன் சட்ட ஆலோசகரை 1993-ல் நீக்கியது. 97,100 ரூபாய் ஃபீஸ் பாக்கி, அதைத் தந்தால்தான் கட்டுகளைத் தருவேன் என்றார் அவர். ஆர்.டி.சக்சேனா வழக்கு என்று வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். கடைக்காரர் சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்வது போல, வழக்குக் காகிதங்களை ஃபீஸுக்காக வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்றது நீதிமன்றம். வக்கீலை மாற்றும் சுதந்திரம் கட்சிக்காரருக்கு உண்டு, அவர் கேட்டால் கட்டைத் திருப்பிக் கொடுப்பது கடமை, மறுப்பது தொழில்முறைத் தவறு என்றும் சொன்னது. பாக்கி இருந்தால் வக்கீல் அதைத் தனியாக வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும்.

வழக்கறிஞர்கள் தரப்பில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தஞ்சாவூர் பக்கம் 30 வருடமாக சிவில் வழக்குகள் நடத்தும் ஒருவரிடம் பேசினேன். பாகப்பிரிவினை வழக்கில் முதல் இரண்டு வருடம் ஃபீஸ் ஒழுங்காக வரும், பிறகு ‘சொத்து கைக்கு வரட்டும் சார், மொத்தமாப் பாத்துக்கலாம்’ என்பார்கள், பத்தாவது வருடம் இன்னொருவரிடம் போய்விடுவார்கள் என்றார். வரும் சொத்தில் ஒரு பங்கு என்று ஃபீஸ் பேசுவதற்கும் பார் கவுன்சில் விதிகளில் தடை. உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறே இல்லை. ஆனால், அண்ணன் வைத்த பாக்கிக்குத் தங்கையின் காகிதங்களைப் பிணையாக வைத்துக்கொள்வதை எந்தக் கணக்கில் நியாயப்படுத்துவது?

கட்டுக்குள் இருக்கும் மூல ஆவணங்களின் கதி இன்னும் சிக்கல். பொதுச் சொத்தின் தாய்ப் பத்திரம் ஒன்றுதான் இருக்கும், பங்காளிகள் ஐந்து பேர். வழக்கில் சான்றாவணமாகக் குறியீடு செய்த மூலப் பத்திரங்கள் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும். அவற்றுக்கு வழக்கின் தரப்பினர் யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். நீதிமன்றத்துக்கே போகாமல் அலுவலக அலமாரியில் கிடக்கும் காகிதங்கள்தான் ஆபத்து. கொடுக்கும்போது பட்டியல் எழுதி ரசீது வாங்கியவர் யார்?

———
பெட்டிச் செய்தி: மாற்றுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர் எண். இது இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியையும் கடந்த வாய்தாக்களில் நடந்ததையும் நாமே பார்க்கலாம்.

பிராது, எதிர்வழக்குரை, நிரூபண வாக்குமூலங்கள், இடைக்கால உத்தரவுகளின் சான்றிட்ட நகல்கள். இவற்றை நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வாங்கலாம். பழைய வக்கீல் கட்டைத் தராவிட்டாலும் புது வக்கீல் இவற்றை வைத்து வேலையைத் தொடங்கிவிடுவார்.

கட்டைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதியும், அது போய்ச் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகையும். பின்னாளில் பார் கவுன்சிலில் புகார் கொடுக்க நேர்ந்தால் இதுதான் முதல் சாட்சி.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட, வட்ட சட்டப்பணிகள் அலுவலகங்களில் கேட்கலாம். உதவி எண் 15100.
———

மாறிய பிறகு வரும் மழை

வக்கீலை மாற்றுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வருவதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

புது வக்கீல் வந்ததும் பழைய எதிர்வழக்குரை அழிந்துவிடாது. ‘எனக்குப் பாத்தியதை இல்லை’ என்று இந்த அம்மா கையெழுத்திட்ட வாசகம் நீதிமன்றக் கோப்பில் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தவோ கூடுதல் எதிர்வழக்குரை போடவோ நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் அந்த அனுமதி இன்னும் கடினம். இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘அடுப்பில் பால் இருந்தது’ என்பதை ஒரு பிரமாணப் பத்திரத்தில் எப்படி எழுதுவது என்று அவருடைய புது வக்கீல், ஓர் இளம் பெண், என்னிடம் கவலையோடு கேட்டார். சட்டம் அவருக்குத் துணையாகவும் இருக்கிறது. நிலத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். சீர் கொடுத்தோம் என்ற வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது. முதல்நிலைத் தீர்ப்பாணை வந்துவிட்டாலும், இறுதித் தீர்ப்பாணைக்கு முன்னால் பங்கு விகிதத்தை நீதிமன்றம் மாற்றியமைக்க முடியும். கதவு சாத்தவில்லை, ஒருக்களித்திருக்கிறது.

வாய்தா அடுத்த சிக்கல். ‘வக்கீல் மாறிவிட்டார், அவகாசம் வேண்டும்’ என்பது மட்டுமே வழக்கைத் தள்ளிவைக்கப் போதுமான காரணம் ஆகாது. விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாக்களுக்கு மேல் தரக்கூடாது என்கிறது சட்டப் புத்தகம். அது எல்லா இடத்திலும் கறாராக நடப்பதில்லை. ஆனால், வாதம் முடியும் நாளில் வக்கீலை மாற்றிக்கொண்டு வருபவர் மீது நீதிபதிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. முந்தைய வக்கீல் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யவில்லை, சாட்சியை மறுபடி கூப்பிடுங்கள் என்ற கோரிக்கையும் வக்கீல் மாறிய ஒரே காரணத்தால் நிறைவேறிவிடாது.

இரண்டு வக்கீல்களுக்கு நடுவில் விழும் இடைவெளியைத்தான் நான் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன். பழையவர் வருவதை நிறுத்திவிடுகிறார், புதியவரின் வக்காலத்து இன்னும் ஏறவில்லை. அந்த ஒரு வாய்தாவில் பெயரைக் கூப்பிட்டு ஆள் இல்லையென்றால், ‘எக்ஸ்பார்ட்டி’. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கோர 30 நாள்தான் கெடு. தாண்டினால், தாமதத்துக்கு ஒவ்வொரு நாளாகக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-ல் கருணையோடு சொன்னது உண்மை. பிறகு வந்த தீர்ப்புகள் அதை எல்லோருக்கும் பொதுவான சலுகையாக ஏற்கவில்லை. எனவே, மாற்றும் மாதத்தில் கட்சிக்காரரே நேரில் போய் நிற்பது நல்லது.

சமரச மனு வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கூட்டாக ஒரு வக்கீல் இருக்கும்போது, ‘பேசி முடிச்சாச்சு, கையெழுத்துப் போடுங்க’ என்று தாள் வீட்டுக்கு வரும். கட்சிக்காரர் சொல்லாமல் அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் வக்கீலுக்கு இல்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால், கட்சிக்காரரே கையெழுத்துப் போட்டுச் சமரசத் தீர்ப்பாணை வந்துவிட்டால், அதன் மீது மேல்முறையீடு இல்லை, தனி வழக்கும் போட முடியாது. அதே நீதிமன்றத்தில், இது சட்டப்படியான சமரசம் அல்ல என்று காட்டிப் போராடுவதுதான் மிச்சம்.

நஷ்டம் வந்தபின் வக்கீல் மீது நடவடிக்கை எடுக்கலாமா? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும் பாதையை 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. வழக்கறிஞர் சேவை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்பது தீர்ப்பு. மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவில் புகார் கொடுக்கலாம். அங்கே கண்டனம் முதல் பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. போன 30 சென்ட் அந்த வழியில் திரும்பி வராது.

பழைய வக்கீல் எதிரே நிற்கலாமா?

தங்கை விலகிய பிறகும் அண்ணன்கள் மூவருக்கும் அதே வக்கீல் தொடர்கிறார். நேற்றுவரை தங்கையின் சார்பிலும் கையெழுத்திட்டவர், இன்று அவருக்குப் பங்கில்லை என்று வாதாடுவார். பார் கவுன்சில் விதிகளின் 33-வது விதி இதைத்தான் தடுக்கிறது. ஒரு வழக்கில் ஒருவருக்காக வரைவு தயாரித்தவர், ஆஜரானவர், அதே வழக்கில் அவருக்கு எதிர்த்தரப்பில் ஆஜராகக் கூடாது. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமையும் நியமனம் முடிந்த பின்பும் தொடர்கிறது. புது வக்கீல் இந்த ஆட்சேபத்தை எழுப்பப் போவதாகச் சொன்னார். எழுப்பினால் அண்ணன்களும் வேறு வக்கீல் தேட வேண்டியிருக்கும். அவர்களுக்கும் அது செலவு, அலைச்சல். ஒரு தாளில் ஐந்து கையெழுத்து வாங்கிய அன்றைக்கே, இந்த ஐவருக்குள் நாளை முரண் வருமா என்று கேட்டிருந்தால் இந்த வேதனை யாருக்கும் இல்லை. கூட்டு வக்காலத்து வாங்கும்போது ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதை வழக்கறிஞர் சங்கங்கள் ஒரு கட்டாய வழக்கமாக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அன்று நீதிமன்றத்தில் மூன்றாவது அழைப்புக்கு அந்த அம்மா எழுந்துகொண்டார். புது வக்காலத்தும் அனுமதி மனுவும் தாக்கலாயின. எதிர்ப் பெஞ்சில் மூத்த அண்ணன். வெளியே வந்ததும், “சாப்டியா பாப்பா?” என்று கேட்டார். “சாப்டேண்ணா.” அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

கடிதம் போய், ஒப்புகை வந்து, மூன்று வாரம் கழித்துக் கட்டைக் கொடுக்க அந்த அலுவலகம் சம்மதித்தது. நானும் கூடப் போயிருந்தேன். குமாஸ்தா கட்டை மேஜை மேல் வைத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தட்டச்சு செய்த தாளை நீட்டினார். பேனாவையும் நீட்டினார்.

“இருங்க தம்பி, படிச்சுட்டுப் போடறேன்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரலை ஓட்டினார். தாளில் 23 ஆவணங்கள் என்று இருந்தது. நாடாவை அவிழ்த்து எண்ணியபோது 22. குமாஸ்தா அலமாரியைத் திறந்தார். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.